பள்ளி ஆய்வுக்கூடமும் ஊராட்சியின் கடமையும்

(வண்டியூரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளி ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஆசிரியர்களைக் கூட்டாமல் உங்களைக் கூட்டியிருப்பது ஏன் என்று சிலர் வினவக்கூடும். சோதனைக் குழாயும் அமிலப் புட்டியும் ஆசிரியர் பொறுப்பு, நமக்கென்ன தெரியும் என்று நீங்களும் எண்ணலாம். அவ்வெண்ணத்தை மாற்றுவதே இன்று நாம் பேசப் புகுந்ததன் நோக்கம். விஞ்ஞானக் கல்வியில் ஆய்வுக்கூடம் எவ்வளவு பயன் தரும், எப்போது பயனற்றுப் போகும், அதைப் பயனுடையதாக்க ஊரார் என்ன செய்யலாம் என்னும் மூன்றையும் முறையே காண்போம்.

முதலில் நீங்கள் நன்கறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். விதை நெல்லைத் தேர்ந்தெடுக்க நம் உழவர்கள் கையாளும் முறை ஒன்று உண்டு. ஒரு பாத்திரத்து நீரில் கோழிமுட்டையை இடுகின்றனர். முட்டை அமிழ்ந்துவிடுகிறது. பிறகு உப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றனர். ஒரு நிலையில் முட்டை மேலெழுந்து, அதன் தலைப்பகுதி ஒரு நாணய அளவு நீருக்கு வெளியே தெரிகிறது. அக்கரைசலில் விதையைக் கொட்டினால், பதரும் அரைகுறையாக முற்றிய நெல்லும் மிதக்கும். கனத்த மணிகள் அடியில் தங்கும். மிதப்பதை நீக்கி, தங்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதைக்கின்றனர்.

இவ்வூர்ப் பெயரால் வழங்கும் மாரியம்மன் தெப்பக்குளத்தையும் எண்ணிப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அமைத்த அக்குளத்தில், தைப்பூசத்தன்று மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் எழுந்தருள்கின்றனர். அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு தெப்பம் மிதக்கிறது. கரையிலுள்ளோர் வடம் பிடித்து இழுக்க, நகர்ந்து செல்கிறது. ஒரு சிறு நெல்மணி அமிழ்கிறது, பெருந்தெப்பம் மிதக்கிறது. இரண்டையும் ஆள்வது ஒரே விதி. தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான விசையால் ஒரு பொருள் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்பதே அவ்விதி. கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீசு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டறிந்தார். நம் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இதைப் பயில்கின்றனர்.

இப்பாடத்தை மூன்று விதமாகக் கற்பிக்கலாம். ஆசிரியர் விதியைக் கூற, மாணவர் அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது ஒரு விதம். ஆசிரியர் மேசைமேல் சோதனையைச் செய்துகாட்ட, நாற்பது பேர் தொலைவிலிருந்து பார்ப்பது இரண்டாவது விதம். மூன்றாவது, மாணவரே ஒரு கல்லை வில்தராசில் கட்டி நிறுத்து, பின் நீர் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்தி மறுபடியும் நிறுத்து, வழிந்த நீரைப் பிடித்து அதையும் எடையிட்டுப் பார்ப்பது.

மூன்றாவது விதத்தில் ஒரு விந்தை நிகழும். குறைந்த எடையும் வழிந்த நீரின் எடையும் சமமாக இருக்கவேண்டும் என்று நூல் கூறும். மாணவர் கையிலோ அவை சிறிது வேறுபடும். ஏன் வேறுபட்டன? சில துளிகள் பாத்திரத்தின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டனவா? கல் அடியைத் தொட்டதா? தராசின் முள் தொடக்கத்தில் சுழியில் நின்றதா? இக்கேள்விகளை எழுப்பி, மறுபடியும் நிறுத்துப் பார்க்கும் மாணவரே விஞ்ஞானம் கற்கிறார். எவர் சொல்லையும் அளந்து பார்த்து ஏற்பது, தன் அளவையும் ஐயுற்றுத் திருத்திக்கொள்வது என்னும் இவ்விரு பழக்கங்களும் அச்சடித்த எழுத்திலிருந்து வருவது அரிது, கைப்பழக்கத்தால் வருபவை. நீந்தக் கற்பவனைக் கரையில் நிறுத்திப் பாடம் சொல்வாரில்லை அன்றோ!

மாணவர் தாமே சோதனை செய்து கற்கும் வழக்கம் உலகில் மிகப் பழமையானதன்று. செருமனி நாட்டுக் கீசன் நகரில், லீபிக் என்னும் வேதியியல் பேராசிரியர் 1820-களில் மாணவர்களுக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, ஒவ்வொருவரும் தம் கையாலேயே பகுத்தாயச் செய்தார். பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் அங்குச் சென்று பயின்றனர். அதே லீபிக்தான் 1840-ஆம் ஆண்டில் வேளாண்மைக்கும் வேதியியலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நூல் எழுதி, பயிருக்கு மண்ணிலிருந்து எவ்வெச் சத்துக்கள் வேண்டும் என்று விளக்கினார். மாணவர் ஆய்வுக்கூடமும் உழவரின் உர மூட்டையும் ஒரே மனிதரின் உழைப்போடு தொடர்புடையவை என்பதை இங்குள்ள உழவர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

நம் பகுதிக்கும் இதில் பெருமை உண்டு. வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டில் பிறந்து, அவ்வூர்ப் பள்ளியிலும் பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பயின்றவர் கே. எசு. கிருட்டிணன். கல்கத்தாவில் சர் சி. வி. இராமனுடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் வெளிப்பட்ட இராமன் விளைவின் ஆராய்ச்சியில் கிருட்டிணனின் உழைப்புக்குச் சிறப்பிடம் உண்டு. சூரிய ஒளி, ஒளியைக் குவிக்கும் ஆடி, வண்ண வடிகட்டிகள், கூர்ந்து நோக்கும் கண் ஆகிய எளிய துணைகளைக் கொண்டே அவ்வாராய்ச்சி தொடங்கிற்று. கருவியின் விலையைவிட அதைக் கையாளும் பழக்கமே பெரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டு முதல் அந்நாளைத் தேசிய விஞ்ஞான நாளாக நம் நாடு கொண்டாடி வருகிறது.

இனி, ஆய்வுக்கூடம் எப்போது பயனற்றுப் போகிறது என்பதைக் காண்போம். அறை இருந்தால் கல்வி வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. இங்கிலாந்து நாட்டில் ஏபிரகாம்சு, மில்லர் என்னும் ஆராய்ச்சியாளர்கள் செய்முறைப் பாடங்கள் 25-ஐ நேரில் கண்டு ஆராய்ந்து, 2008-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மாணவர்கள் சொன்னபடி கருவிகளைக் கையாண்டனர்; காணவேண்டியதைக் கண்டனர். ஆனால், கண்டதை விளக்கும் கருத்தோடு அதைப் பொருத்திப் பார்ப்பதில் பின்தங்கினர். கைக்கு வேலை கிடைத்தது. சிந்தைக்குப் போதிய வேலை கிடைக்கவில்லை. நல்ல கருவிகள் நிறைந்த நாட்டிலேயே இந்நிலை என்றால், நாம் எவ்வளவு கருத்தோடு இருக்கவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் மாநிலத்தில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தின் 100 மதிப்பெண்களில் 25 செய்முறைத் தேர்வுக்கு உரியவை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் ஒவ்வொன்றிலும் 20 மதிப்பெண்கள் செய்முறைக்கு உண்டு. இம்மதிப்பெண்கள் நல்ல நோக்கத்தோடு ஏற்பட்டவை. ஆயினும் ஆண்டு முழுவதும் அறை பூட்டிக் கிடந்து, தேர்வுக்கு முந்திய வாரத்தில் மட்டும் திறக்கப்படுமானால், செய்முறைக் குறிப்பேடு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதும் ஏடாகிவிடும். குவிலென்சின் குவியத்தூரம் இத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பான். சாளரத்துக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தின் உருவத்தை அந்த லென்சு தலைகீழாகத் தாளில் வீழ்த்துவதைக் கண்டிருக்கமாட்டான். மதிப்பெண் சேரும், அறிவு சேராது.

இதனால் வரும் இழப்பு யாருக்கு? நகரத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு, பள்ளியில் கிடைக்காதது வேறிடத்தில் கிடைக்கக்கூடும். உழவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி ஆய்வுக்கூடம் ஒன்றே வாயில். அவ்வாயில் அடைபட்டால், பதினோராம் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவைத் தேர்ந்தெடுக்கவே அப்பிள்ளை அஞ்சும். தேர்ந்தெடுத்துக் கல்லூரிக்குச் சென்றாலும், முதல் நாளில் தராசைத் தொடவே கை நடுங்கும். பெண் குழந்தைகளின் நிலையையும் இங்குக் குறிப்பிடவேண்டும். கருவி ஒன்று, மாணவர் பலர் என்றால், பையன்கள் கருவியைப் பிடித்துக்கொள்ள, பெண்கள் அளவுகளை எழுதிக்கொண்டிருப்பது பல இடங்களில் காணும் காட்சி. இருவர் மூவருக்கு ஒரு கருவி என்று ஏற்பட்டால், இது தானே சீர்ப்படும்.

மற்றோர் இழப்பு நம் நிலத்துக்கு. 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், ஒரு நிலத்து மண்ணின் பன்னிரண்டு இயல்புகள் ஆராய்ந்து எழுதப்படுகின்றன. அமில காரத்தன்மை, உப்பின் அளவு, கரிமச்சத்து, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம் முதலியவை அதில் அடங்கும். அட்டை வீட்டுக்கு வருகிறது. அதைப் படித்துப் பொருள் சொல்வார் யார்? அமிலமும் காரமும் இன்னவை என்று தன் கையால் சோதித்துப் பார்த்த மகளோ மகனோ வீட்டில் இருந்தால், ‘அப்பா, நம் மண்ணில் களர்த்தன்மை மிகுந்திருக்கிறது, வேளாண்மை அலுவலரைக் கேட்டு ஜிப்சம் இடவேண்டுமா என்று தெரிந்துகொள்வோம்’ என்று சொல்லும். இல்லையேல் அட்டை பரணில் கிடக்கும். உரம் வழக்கம்போல் அளவின்றி விழும். பள்ளி ஆய்வுக்கூடத்தின் பயன் இவ்வாறு வயல்வரை வருகிறது.

சரி, கருவிகளுக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் தொடங்குவதற்கு அவ்வளவு வேண்டாம். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில், 1972-ஆம் ஆண்டில், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கிற்று. கிசோர் பாரதி, இரசூலியாவிலுள்ள நண்பர்கள் கிராம மையம் என்னும் இரு நிறுவனங்கள் இதனை முன்னின்று நடத்தின. பெரும்பாலும் கிராமப் பள்ளிகளே. தனி ஆய்வுக்கூடம் எதுவும் கட்டவில்லை. எளிய கருவிகள் அடங்கிய பெட்டியைப் பள்ளிக்குத் தந்தனர். மாணவர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து சோதனை செய்தனர். பாடநூல் விடையை முன்கூட்டிச் சொல்லவில்லை; கேள்வி கேட்டது. வயலுக்கும் ஓடைக்கும் சென்று பயிரையும் பூச்சியையும் மண்ணையும் ஆராய்ந்தனர். தேர்வின்போது புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். ஏனெனில், கேட்கப்பட்டது மனப்பாடமன்று, சிந்தனை. குழந்தைகள் தம் ஐயங்களைச் சவாலிராம் என்னும் கற்பனை நண்பருக்குக் கடிதமாக எழுதுவார்கள், விடை வரும். 1978-ஆம் ஆண்டில் மாவட்டம் முழுவதற்கும் பரவிய இம்முயற்சியை, 1982-இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பிறகு வளர்த்தது. 2002-ஆம் ஆண்டில் மாநில அரசின் முடிவால் பள்ளிகளில் அது நின்றுபோயிற்று. முப்பதாண்டுகள் நடந்த முயற்சியும் ஊராரின் உறுதியான பற்றுக்கோடின்றி நிலைப்பது அரிது என்பதையும் நாம் இதிலிருந்து கற்கவேண்டும்.

நம் மாநிலத்திலும் நல்ல தொடக்கங்கள் உள்ளன. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் திருச்சிராப்பள்ளியில் ‘வானவில் மன்றம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களுடன் பள்ளிக்கே சென்று செய்துகாட்டி, மாணவரையும் செய்யவைப்பது அதன் முறை. 1980-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அது வெளியிடும் ‘துளிர்’ என்னும் சிறுவர் இதழும் எளிய சோதனைகளை ஊர்தோறும் பரப்பியுள்ளன. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு இருக்கவேண்டியவை என்று வகுப்பறை, குடிநீர், கழிப்பறை, விளையாட்டிடம், நூலகம் முதலியவற்றை அட்டவணையில் எண்ணிக் கூறுகிறது. விஞ்ஞான ஆய்வுக்கூடம் அதில் தனியாகக் குறிக்கப்படவில்லை. எனவே, எட்டாம் வகுப்பு வரையுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் விஞ்ஞானத்துக்கு ஓர் இடம் ஏற்படுவது பெரும்பாலும் ஊராரின் அக்கறையைப் பொறுத்தது.

ஊரார் அக்கறை கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. பின்னர் மாவட்டந்தோறும் அத்தகைய மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊரார் பட்டியலிட்டனர். தாமே முன்வந்து நிலமும் கட்டடமும் மேசை நாற்காலியும் பாடக்கருவியும் தந்தனர். அன்று நம் பாட்டன்மார் ‘இது எங்கள் பள்ளி’ என்று சொல்லக் கற்றனர். இன்று நாம் ‘இது எங்கள் ஆய்வுக்கூடம்’ என்று சொல்லக் கற்கவேண்டும்.

அதற்கு நீங்கள் செய்யக்கூடியவற்றை இனிக் கூறுவோம்.

முதலாவது, கேள்வி கேட்பது. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடம் உண்டு. பெற்றோருக்குப் பெரும்பங்கு உண்டு. அக்கூட்டத்தில், ஆய்வுக்கூடம் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாதீர்கள். சென்ற மாதத்தில் எத்தனை நாள் திறந்தது, எத்தனை மாணவர் தம் கையால் சோதனை செய்தனர் என்று கேளுங்கள். குறை காணும் நோக்கோடு வேண்டாம். எது தடையாக உள்ளது என்று அறியும் நோக்கோடு கேளுங்கள். உதவியாளர் இல்லை, நேரம் இல்லை, பொருள் தீர்ந்துவிட்டது என்று ஆசிரியர் கூறினால், அதைத் தீர்மானமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புங்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஆள் வேண்டும் என்பது அரசும் அறிந்ததே; 2015-ஆம் ஆண்டில் 4,362 ஆய்வக உதவியாளர் இடங்களுக்கு மாநிலம் முழுவதும் எழுத்துத் தேர்வு நடந்தது. உங்கள் பள்ளியில் அவ்விடம் நிரம்பியுள்ளதா என்று பாருங்கள்.

இரண்டாவது, நீரும் மின்சாரமும். கழுவ நீரில்லாத ஆய்வுக்கூடத்தில் வேதியியல் நடவாது. குழாய், கழுநீர்த் தொட்டி, வடிகால், காற்றோட்டமான சாளரம், ஒழுகாத கூரை ஆகிய இவை ஊரார் அறிந்த வேலைகள். மணல் வாளி, முதலுதவிப் பெட்டி, கண்காப்புக் கண்ணாடி ஆகியவையும் இருக்கவேண்டும். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்னும் எச்சரிக்கை சுவரிலே பெரிதாக எழுதப்பட்டிருக்கட்டும். விபத்துக்கு அஞ்சி அறையைப் பூட்டுவதைவிட, பாதுகாப்பைக் கற்பித்துத் திறப்பதே மேல்.

மூன்றாவது, தீரும் பொருள்கள். நுண்ணோக்கி பல ஆண்டு உழைக்கும். லிட்மசுத் தாளும் சோதனைக் குழாயும் தீரும், உடையும். ‘உடைத்தால் நீ பணம் கட்டு’ என்னும் அச்சம் இருந்தால் எந்தப் பிள்ளையும் குழாயைத் தொடாது. உடையும் பொருளுக்கென்று ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஊர்க் கொடையாளரிடமிருந்து பெற்றுத் தாருங்கள்.

நான்காவது, ஆய்வுக்கூடமே இல்லாத சிறு பள்ளிக்கு ஓர் அலமாரி. லென்சு, காந்தம், வெப்பமானி, வில்தராசு, அளவுகுவளை, மின்கலம், சிறு விளக்கு ஆகியவை அதில் இருக்கட்டும். மற்றவற்றை வீடும் வயலும் தரும். மஞ்சள் தடவிய தாள் சுண்ணாம்பு நீரில் சிவப்பதையும், சங்குப்பூச் சாறு எலுமிச்சைச் சாற்றில் நிறம் மாறுவதையும் காட்டி அமிலத்தையும் காரத்தையும் கற்பிக்கலாம். வயல் மண்ணைப் புட்டியில் இட்டு நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், மணல் கீழும் வண்டல் இடையிலும் களி மேலுமாகப் படிவதை மறுநாள் அளந்து பார்க்கலாம். நூறு விதைகளை ஈரச்சாக்கில் வைத்து, முளைத்தவற்றை எண்ணி முளைப்புத்திறனைக் கணக்கிடலாம். வண்டியூர்க் கண்மாய் நீரையும் கிணற்று நீரையும் இரு குவளைகளில் வைத்து, தெளிவும் மணமும் சோப்பு நுரைக்கும் அளவும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஒப்பிடலாம். ஆகாயத்தாமரை ஏன் செழிக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், அக்கேள்வி ஊருக்கே நன்மை பயக்கும்.

ஐந்தாவது, உழவர்களாகிய நீங்களே ஒரு நாள் பள்ளிக்குச் செல்லுங்கள். விதைநேர்த்தி செய்யும் பருவத்தில் ஒரு வாளியும் உப்பும் முட்டையும் விதையும் கொண்டுசென்று, பிள்ளைகள் முன் செய்துகாட்டுங்கள். முட்டையை இடுவதற்கு முன்பே, ‘இது மிதக்குமா, அமிழுமா? ஏன்?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு பார்க்கட்டும். எண்ணியதும் கண்டதும் வேறுபடும்போதுதான் மூளை விழிக்கிறது. விதியின் பெயரை ஆசிரியர் கூறுவார். அதன் பயனை நீங்கள் கூறுவீர்கள். எழுத்தறியாதவர் என்று தம்மைத் தாழ்வாக எண்ணும் தந்தையும், தம் கைத்தொழிலில் விஞ்ஞானம் உண்டு என்பதைத் தம் பிள்ளையின் முன்னிலையில் அறிவார். அது சிறிய பேறன்று.

பெருமக்களே, வண்டியூர் இன்று மதுரை மாநகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களிலும் வயல்கள் மனைகளாக மாறி வருகின்றன. நம் பிள்ளைகளில் சிலர் உழவராவர். பலர் வேறு தொழில் தேடுவர். எத்தொழிலை மேற்கொண்டாலும், கேட்டதை அப்படியே நம்பாமல் அளந்தும் சோதித்தும் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குத் துணைநிற்கும். அப்பழக்கத்தைக் கொடுக்கவல்ல அறை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அல்லது ஓர் அலமாரி அளவில் இவ்வாண்டே ஏற்படக்கூடும். அடுத்த கிராம சபையில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று நாளையே சென்று விசாரியுங்கள்.